மறு: பிக்ஸ்ட் பயஸுக்கு நிலைக்கோடல் வேண்டாம்

அன்பின் நண்பர்களுக்கு,

வால்வு கிற்றார் அம்பிளிபயர் கையேட்டின் சொற்பட்டியலில் பெரும்பகுதி சண்டையில்லாமல் முடிந்துவிட்டது. வால்வு வால்வாகவே இருக்கும். வெற்றிடக் குழாய் என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்காரரும் எடுத்துத் தரமாட்டார். அனோட்டு, கதோட்டு இரண்டும் இலங்கைப் பாடநூலில் உள்ளபடியே. கிரிட்டுக்கு, அதாவது கதோட்டில் இருந்து அனோட்டுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு, நெய்யரி. பனையில் இருந்து உரித்த பன்னாடையைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு அதை விளக்கவே தேவையில்லை. இழுபடுவது பயஸ் ஒன்றுதான், அதாவது ஒலி வருவதற்கு முன்பே நெய்யரியில் நிறுத்தி வைக்கும் மறை (நெகற்றிவ்) வோல்ற்றளவு. பௌதிகவியல் படிப்பிக்கும் மாஸ்டர் அதற்குக் கோடல் என்று வைக்கச் சொல்கிறார், சென்னை அன்பர் சார்பு என்கிறார். இரண்டு கருத்துகளுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> சென்னை அன்பர் எழுதியது:
> எங்கள் பாடநூலில் முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு என்று இருக்கிறது. சார்பு எல்லோருக்கும் விளங்கும் சொல். கோடல் என்றால் கொள்ளுதல். வெண்காந்தளுக்கும் அதே பெயர். எதற்கு இந்தக் குழப்பம்?

கோடன் மரபு என்று நன்னூலில் வருவது எனக்கும் தெரியும். ஆனால் சூட்டுக்கோலைக் கையில் வைத்திருப்பவன் வெண்காந்தளை நினைத்துக் குழம்புவான் என்று நான் நம்பவில்லை. சார்பில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. கணிதத்தில் இரண்டு கரையிலும் சார்பு என்றால் வேறு பொருள். வால்வின் வளைகோட்டை விளக்கும்போது ‘அனோட்டு மின்னோட்டம் நெய்யரி வோல்ற்றளவின் சார்பு’ என்று எழுதியே ஆக வேண்டும். அடுத்த வரியிலேயே ‘சார்பு வோல்ற்றளவு’ என்றால் படிக்கிறவன் எந்தச் சார்பைப் பிடிப்பான்?

கோடல் அப்படியல்ல. கோடு என்றால் வளை, சாய். ‘ஒருபால் கோடாமை’ என்று குறள் தராசுக்கோலைச் சொல்லும்போது ஒரு பக்கம் சாயாமையைத்தான் சொல்கிறது. நாங்கள் செய்வது அதற்கு நேர் எதிர்: கிற்றாரின் ஒலி வருவதற்கு முன்பே நெய்யரியை வேண்டுமென்று மறைப் பக்கம் சாய்த்து வைக்கிறோம். கோடல் சரியான சொல். இதில் மாஸ்டரின் பக்கம் நிற்கிறேன். ஆனால் அவருடைய இரண்டாவது பரிந்துரையில் ஒத்துப்போக முடியவில்லை.

> மாஸ்டர் எழுதியது:
> உயர்தரப் பௌதிகவியலில் முன்முகக் கோடல், பின்முகக் கோடல் என்று படிப்பிக்கிறோம். அதை நீட்டி, கதோட் பயஸுக்குக் கதோட்டுக்கோடல், பிக்ஸ்ட் பயஸுக்கு நிலைக்கோடல் என்று வைத்துவிடலாம். மாணவருக்குப் புதுச்சுமை இல்லை.

மாஸ்டர், ‘நிலைக்கோடல்’ ஆங்கிலச் சொல்லுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆங்கிலச் சொல்தான் பிழையாகப் பொருந்துகிறது. பிக்ஸ்ட் பயஸ் என்று பெயர் வைத்துவிட்டு அதைத்தான் திருகித் திருகிச் சரிசெய்கிறோம். ஒன்றும் திருகத் தேவையில்லாததற்குக் கதோட் பயஸ் என்று பெயர். இந்தக் கோளாறை நாங்கள் ஏன் தமிழுக்கும் கொண்டுவர வேண்டும்?

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பெயர் தானாக வரும். ஈ.எல்.84 வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். தரவுத்தாளில் அனோட்டுக்கு 250 வோல்ற், நெய்யரிக்கு மறை 7.3 வோல்ற், அனோட்டு மின்னோட்டம் 48 மில்லியம்பியர், திரை நெய்யரிக்கு (நெய்யரிக்கும் அனோட்டுக்கும் இடையில் இருக்கும் இரண்டாவது வலை) இன்னொரு 5.5. கதோட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் 135 ஓம் தடையியை வைத்தால், இந்த 53.5 மில்லியம்பியரும் அதன் வழியே ஓடிக் கதோட்டை ஏறக்குறைய 7.2 வோல்ற் மேலே தூக்கிவிடும். நெய்யரி நிலத்தில் சும்மா இருக்கிறது. ஆனால் கதோட்டில் இருந்து பார்த்தால் அது 7.2 வோல்ற் மறையில் நிற்கிறது. வெளியில் இருந்து ஒருவரும் மறை வோல்ற்றளவு கொடுக்கவில்லை. வால்வு தன்னுடைய மின்னோட்டத்தாலேயே தன்னைச் சாய்த்துக்கொள்கிறது. இன்னொரு வால்வைப் போட்டு அது கொஞ்சம் அதிகம் இழுத்தால் கதோட்டும் கொஞ்சம் மேலே போகும், நெய்யரி இன்னும் மறையாகும், இழுப்பு தானாக அடங்கும். வொக்ஸ் ஏ.சி.30 அம்பிளிபயர் இப்படித்தான் நான்கு ஈ.எல்.84 வால்வுகளை வைத்திருக்கிறது. கதோட் பயஸ் எனப்படும் இதற்குத் தன்கோடல் என்று பெயர் வைப்போம்.

மற்ற வகையில், அதாவது பிக்ஸ்ட் பயஸில், கதோட்டு நேரே நிலத்தில். மறை வோல்ற்றளவு ரான்ஸ்போமரின் தனிச்சுற்றில் இருந்தோ ஒரு கிளையில் இருந்தோ எடுக்கப்பட்டு, தனி இருவாயியும் (டயோட்) தனிக் கொள்ளளவியும் (கப்பாசிற்றர்) போட்டு, நெய்யரிக்கு வெளியில் இருந்து கொடுக்கப்படுகிறது. வால்வு எவ்வளவு இழுக்கிறது என்பது இந்த வழங்கிக்குத் தெரியாது. ஆகவே புறக்கோடல். நிலையானது என்ற பேச்சே இதில் வேண்டாம்.

இது வெறும் சொல் ஆசை இல்லை. இங்கே இப்போது என்ன நடக்கிறது என்று வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். டைனமோவுக்கு ரான்சிஸ்ரர் றேடியோ தாங்கும், வால்வு தாங்காது. ஓர் ஈ.எல்.34 வால்வின் இழையைச் சூடாக்கவே 6.3 வோல்றில் 1.5 அம்பியர் வேண்டும். வால்வுச் சாமான்கள் எல்லாம் பரணுக்குப் போயின. இப்போது கிற்றார் வாசிக்கும் பிள்ளைகள், பழைய லவுட்ஸ்பீக்கர்காரரின் வீட்டில் கிடக்கும் அம்பிளிபயரை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். மைக் நுழைவாயிலைக் கிற்றாருக்கு ஏற்றபடி 1 மெகாஓம், 68 கிலோஓம் போட்டு மாற்றுவது எளிது. 100 வோல்ற் லைனுக்குக் கட்டிய வெளியீட்டு ரான்ஸ்போமரில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு முனை தேடுவது கொஞ்சம் தலையிடி. அதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. ஆபத்து இருப்பது கோடலில்தான்.

பல வருடம் மின்சாரம் காணாத மின்பகு கொள்ளளவி காய்ந்திருக்கும். மறை வழங்கியில் இருக்கும் அந்தச் சின்னக் கொள்ளளவி போய்விட்டால் நெய்யரியின் சாய்வு குறையும். இருவாயியும் சேர்ந்து போனால் சாய்வே இல்லை. தன்கோடலில் கதோட்டுத் தடையி ஓரளவு காப்பாற்றும். புறக்கோடலில் தடுக்க ஒன்றும் இல்லை: அனோட்டுத் தகடு சிவக்கும், பியூஸ் போனால் நல்ல காலம், போகாவிட்டால் வெளியீட்டு ரான்ஸ்போமர் எரியும். இங்கே வால்வைக்கூடத் தபாலில் எடுத்துவிடலாம், அந்த ரான்ஸ்போமரை யார் சுற்றித் தருவது? இப்படிப்பட்ட பெட்டிக்கு முன்னால் இருக்கும் பிள்ளையிடம் ‘இது நிலைக்கோடல்’ என்று கையேடு சொன்னால், ‘நிலையானதுதானே, தொடத் தேவையில்லை’ என்று வால்வை மட்டும் மாற்றிச் சுவிச்சைப் போடுவான்.

தயவுசெய்து இன்னொரு முறை யோசியுங்கள்.

---

மாஸ்டரிடம் இருந்து:

தம்பி, விளக்கம் நன்று. ஆனால் ஒன்று. பென்டர் பாஸ்மன் 5எஃப்6-ஏ அம்பிளிபயரின் சுற்றுப்படத்தைப் பார்த்தேன். மறை வழங்கியில் திருகி (திருகிச் சரிசெய்யும் தடையி) ஒன்றும் இல்லை, இரண்டு தடையிகள் மட்டும். அதைப் பார்த்துக் கட்டிய முதல் மார்ஷலும் அப்படித்தான். அங்கே அது உண்மையிலேயே நிலையானதுதானே? ஆங்கிலேயர் ஒன்றும் தெரியாமல் பெயர் வைக்கவில்லை.

---

வணக்கம் மாஸ்டர். ஒத்துக்கொள்கிறேன், அந்தச் சுற்றில் வோல்ற்றளவு நிலையானது. ஆனால் வால்வு நிலையானது இல்லை. ஒரே பெட்டியில் இருந்து எடுத்த இரண்டு வால்வுகளே ஒரே மறை வோல்ற்றளவில் வேறு வேறு அளவு இழுக்கும். திருகி இல்லாவிட்டால் தடையியைக் கழற்றி மாற்ற வேண்டி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு வந்த மார்ஷல்களில் திருகியைச் சேர்த்ததே அதற்காகத்தான். புறக்கோடல் என்ற பெயர் திருகி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். நிலைக்கோடல் ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

அப்புறம், சரிசெய்யும் முறையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்ப்பதற்காக: ‘கதோட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் 1 ஓம் தடையியைப் பற்றவைக்கவும். அதன் குறுக்கே மீற்றர் காட்டும் மில்லிவோல்ற்றே மில்லியம்பியர். ஈ.எல்.34 வால்வின் அனோட்டுத் தாங்குவலு 25 வாற். அதில் 70 சதவீதம் 17.5 வாற். அனோட்டில் 450 வோல்ற் இருந்தால் 17.5ஐ 450ஆல் பிரிக்க, ஓய்வு மின்னோட்டம் ஏறக்குறைய 39 மில்லியம்பியர். கோடல் திருகியை மறை கூடிய பக்கத்தில் வைத்துத் தொடங்கி, மெதுவாகக் குறைத்து அந்த அளவில் நிறுத்தவும்.’ கதோட்டில் திரை நெய்யரியின் மின்னோட்டமும் சேர்ந்து வரும் என்பதால் உண்மையான அனோட்டு அளவு கொஞ்சம் குறைவு. அது நல்ல பக்கத்துப் பிழை.

வாசிக்கும்போது எனக்கு எங்கும் தடக்கவில்லை.

---

சென்னை அன்பரிடம் இருந்து:

சார்பை விட்டுவிடுகிறேன், கணித எடுத்துக்காட்டு என்னை வாயடைத்துவிட்டது. ஆனால் தன், புறம் என்ற பிரிவு முழுமையா? என்னிடம் இருக்கும் பழைய ஐரோப்பிய ரேடியோவில் கதோட்டு நேரே சேசிஸில் இருக்கிறது, எனவே அது உங்கள் கணக்கில் புறக்கோடல். ஆனால் தனி மறை வழங்கி எதுவும் இல்லை! உயர் வோல்ட்டின் மறை முனைக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு தடையி, அதிலிருந்து நெய்யரிக்கு. இதை எதில் சேர்ப்பீர்கள்?

---

அருமையான கேள்வி, ஐயா. பழைய றேடியோக்கள் பலவற்றில் இந்தச் சுற்று உண்டு, மாற்ற வரும் பிள்ளைகளின் கையிலும் இது கட்டாயம் அகப்படும்.

கதோட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், இப்படிக் கேட்டுப் பார்ப்போம்: வால்வு கூட இழுத்தால் மறை வோல்ற்றளவும் கூடுமா? உங்கள் றேடியோவில் எல்லா வால்வுகளின் மின்னோட்டமும் திரும்பும் வழியில் அந்தத் தடையி இருக்கிறது. ஆகவே கூடும். அது தன்கோடலின் பக்கம். ஆனால் ஒரு வால்வு தன்னைத் தானே சாய்ப்பதில்லை, மொத்தப் பெட்டியும் சேர்ந்து சாய்க்கிறது; அதனால் பிழை தேடும்போது வேறு இடத்தில் தேட வேண்டி வரும். முன்னால் இருக்கும் ஒரு வால்வு செத்தாலும் வெளியீட்டு வால்வின் கோடல் மாறும்.

இதை ஆங்கிலத்தில் பேக் பயஸ் என்கிறார்கள். பின்கோடல் என்று வைத்தால் பாடநூலின் பின்முகக் கோடலோடு முட்டும். மின்னோட்டம் மீளும் வழியில் பிறப்பதால் ‘மீள்வழிக் கோடல்’ என்று எழுதி, தன்கோடலின் ஒரு கிளையாகக் காட்டலாமா? மாஸ்டர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். முன் வால்வில் இருந்து ஒலியை நெய்யரிக்குக் கொண்டுவரும் இணைப்புக் கொள்ளளவி கசிந்து கோடலைத் தின்னும் கதை இன்னும் எழுதாமல் கிடக்கிறது. 220 கிலோஓம் நெய்யரித் தடையியில் 20 மைக்ரோஅம்பியர் கசிந்தாலே 4.4 வோல்ற் போய்விடும். அந்தக் ‘கசிவு’க்கு யாரும் புதுச்சொல் தேட வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.