புதுப்பிப்பு: அப்பத்தாவை அடக்கம் செய்வதா, தகனமா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன மாதம் கேட்டது இதுதான்: அப்பத்தா தன்னை ஐயாவுக்கு (எங்கள் தாத்தாவுக்கு)ப் பக்கத்தில், காரைக்குடி அருகே உள்ள எங்கள் தோட்டத்தில் புதைக்கச் சொன்னார்கள், சித்தப்பா தகனம் என்றார்.

அப்பத்தா பத்து நாளுக்கு முன் வீட்டிலேயே தவறினார்கள். பதிவான மயானம் அல்லாத இடத்தில் புதைக்க ஊராட்சியின் அனுமதி வேண்டும், 1999-லிருந்தே அப்படி விதி உண்டு என்று ஒருவர் எழுதியது சரிதான். அந்த அனுமதி கிடைக்கவில்லை.

கைகொடுத்தது இன்னொருவர் சொன்ன வழி: தகனம் செய்துவிட்டு, சாம்பலில் கொஞ்சத்தை ஐயா சமாதி அருகே புதையுங்கள் என்றது. சித்தப்பாவும் உடனே ஒத்துக்கொண்டார். மீதியை ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கரைத்தோம்.

நாங்கள் யாருமே நினைக்காத ஒன்று, அப்பத்தா நெஞ்சில் இருந்த பேஸ்மேக்கர், அதாவது இதயத் துடிப்பைச் சீராக்க உள்ளே வைக்கும் கருவி. சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும், தகனத்துக்கு முன் எடுத்தே ஆக வேண்டும். எரிவாயு தகன மேடையில் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. டாக்டர் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுத்தார், அதற்குள் மூன்று மணி நேரம் போய்விட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வீட்டில் இறந்தால் டாக்டர் சான்று வாங்கி வையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும்; நாங்கள் நேற்று பதிந்தோம்.