பெர்த்திலிருந்து சிட்னிக்குக் காரில்: 4 நாள் திட்டம் இடிக்கிறது, உதவுங்கள்

கிழக்கே_போறோம்:
வணக்கம். வேலை மாற்றல், ஜூலை முதல் வாரத்தில் பெர்த்திலிருந்து சிட்னிக்குக் குடிபெயர்கிறோம். சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு, நானும் மனைவியும் எங்கள் செடான் காரிலேயே போவதாக முடிவு. இருவரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். நார்ஸ்மன், யூக்லா, செடூனா, போர்ட் அகஸ்டா, புரோக்கன் ஹில், டப்போ என்று வழி.

வரைபடச் செயலி சுமார் 3,950 கி.மீ., 41 மணி நேரம் என்கிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் வீதம் நான்கு நாள் என்று விரிதாளில் போட்டேன். மூன்று இடத்தில் சிக்குகிறது.

முதலாவது, விமானத் தூரம் 3,290 கி.மீ. தான். மீதி 660 கி.மீ. எங்கிருந்து வருகிறது, குறைக்க வழி உண்டா? அடுத்து, யூக்லா போய்ச் சேரும் நேரம் என் கணக்கைவிட 45 நிமிடம் தள்ளிக் காட்டுகிறது. சிட்னி வரும்போது அது 2 மணி நேரமாகிவிடுகிறது. கடைசியாக, இருட்டில் ஓட்டவே கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் எப்படி மாற்றிப் போட்டாலும் எங்களுக்குத் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் இருட்டில்தான் விழுகிறது. எதை மாற்றினால் சரியாகும்?

பாலைவழி:
660 கி.மீ. கதை எளிது. பெர்த்துக்கும் சிட்னிக்கும் நேர்கோடு போட்டால் அதன் நடுப்பகுதி கிரேட் ஆஸ்திரேலியன் பைட் கடல்மேல் போகும். சாலை அந்த வளைகுடாவை ஒட்டி வடக்கே சுற்றித்தான் வர வேண்டும். அதற்கு முன்னால் பெர்த்திலிருந்து கூல்கார்டி வரை போய்த் தெற்கே நார்ஸ்மனுக்கு இறங்குகிறீர்கள், கடைசியில் சிட்னிக்கு முன் மலைத்தொடர் ஏறி இறங்குகிறீர்கள். எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கூடுதல். குறைக்க வழியில்லை. மேற்கையும் கிழக்கையும் தெற்குப் பக்கமாக இணைக்கும் தார்ச்சாலை, நார்ஸ்மனிலிருந்து போர்ட் அகஸ்டா வரை போகும் ஐயர் நெடுஞ்சாலை ஒன்றுதான். அதுவும் 1976இல்தான் முழுக்கத் தார் கண்டது. வரைபடத்தில் வேறு கோடுகள் தெரியும், அவை மண்பாதைகள். செடானில் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

நெடுஞ்சாலைக்காரன்:
உங்கள் 45 நிமிடம் செயலியின் கோளாறு இல்லை. மேற்கு ஆஸ்திரேலியா உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னே. தெற்கு ஆஸ்திரேலியா ஒன்பதரை மணி நேரம் முன்னே. நடுவில் உங்கள் வழியில் வரும் கைகூனாவைத் தாண்டியதும் தொடங்கி எல்லையில் உள்ள பார்டர் வில்லேஜ் வரை, 8 மணி 45 நிமிடம் என்று ஒரு தனி நேரம் ஓடுகிறது. சட்டப்படியான நேரம் இல்லை, ஆனால் அங்குள்ள ரோடுஹவுஸ்கள் (பெட்ரோல், சாப்பாடு, அறை கிடைக்கும் சாலையோர நிறுத்தங்கள்) எல்லாம் அந்தக் கடிகாரப்படிதான் இயங்குகின்றன. கடிகாரத்தை மாற்றச் சொல்லிச் சாலையோரம் பலகையே உண்டு.

ஆகக் கிழக்கே போகும் நீங்கள் கைகூனாவில் 45 நிமிடம் இழப்பீர்கள், எல்லையில் இன்னொரு 45. புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தில்தான் இருக்கிறது. அதை விட்டு வில்கானியா பக்கம் போகும்போது கடைசி அரை மணி நேரம் போகும். கூட்டினால் 2 மணி நேரம். கோடையில் போயிருந்தால் கிழக்கே மட்டும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், வித்தியாசம் 3 ஆகியிருக்கும்.

விரிதாளில் எல்லா நேரத்தையும் பெர்த் நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அறை, சாப்பாடு சம்பந்தப்பட்ட வரிகளுக்கு மட்டும் பக்கத்தில் உள்ளூர் நேரம் எழுதினால் போதும்.

கிழக்கே_போறோம்:
பெர்த் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன், 2 மணி நேரக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் இருட்டுப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. பெர்த்தில் ஜூலையில் சூரியன் மறைவது 5.25 வாக்கில். நார்ஸ்மனுக்குக் கிழக்கே உள்ள பலடோனியாவில் பெர்த் நேரப்படியே ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும் என்று காட்டுகிறது. இது சரிதானா?

நெடுஞ்சாலைக்காரன்:
சரிதான். உங்கள் திட்டத்தில் விட்டுப்போனதும் இதுதான், இதை எழுதத்தான் நான் காத்திருந்தேன்.

கடிகாரத்தை மறந்துவிட்டுச் சூரியனை மட்டும் பாருங்கள். பூமி ஒரு தீர்க்கரேகைப் பாகை சுழல 4 நிமிடம். பெர்த் கிட்டத்தட்ட 116 பாகையில், சிட்னி 151 பாகையில். 35 பாகை வித்தியாசம், 140 நிமிடம். சிட்னியில் மறையும் சூரியன் பெர்த்தில் மறைய இன்னும் 2 மணி 20 நிமிடம் ஆகும். நீங்கள் கிழக்கே ஓட்டும்போது அந்த 140 நிமிட வெளிச்சத்தைத் தவணை தவணையாகச் செலுத்திக்கொண்டே போகிறீர்கள். உங்கள் வழி இருக்கும் அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 94 கி.மீ. ஒரு நாளில் 600 கி.மீ. கிழக்கே நகர்ந்தால், காலையில் கிளம்பிய ஊரைவிட மாலையில் 25 நிமிடம் முன்னதாக இருட்டும். இந்த நாட்டின் அகலத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது. சிட்னியிலிருந்து பெர்த்துக்கு வருபவர்களுக்கு இதே 140 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதனால்தான் அவர்கள் எழுதிய பயணத் திட்டத்தைத் திருப்பிப் போட்டால் உங்களுக்குப் பொருந்தாது.

இப்போது ஜூலைக் கணக்கு. பகல் பத்து மணி நேரம் சொச்சம். விடிந்து முதல் அரை மணி நேரம் கங்காரு நடமாட்டம் அதிகம், அதோடு கிழக்கே போவதால் தாழ்ந்த சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். அதை விட்டுவிடுங்கள். மாலையில் மறைவதற்கு முந்தைய அரை மணி நேரமும் வேண்டாம். கிழக்கே நகர்வதால் 25 நிமிடம் போகும். அது தவிர பெட்ரோல், சாப்பாடு, கால் நீட்டல் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். மிச்சம் ஏழரை மணி நேரம் ஓட்டலாம். வேக வரம்பு 110. செயலி சொல்லும் 41 மணி நேரத்தைப் பிரித்தால் சராசரி 96 வருகிறது, 95 என்றே வைப்போம். ஏழரையால் பெருக்கினால் 710. அதாவது ஒரு நாளைக்கு 700 கி.மீ. என்பது உச்சவரம்பு. நீங்கள் போட்டது கிட்டத்தட்ட 990. எங்கே வெட்டி ஒட்டினாலும் அது பகலுக்குள் அடங்காது.

அடிலெய்டு_அக்கா:
தம்பி, இரண்டு பேர் ஓட்டுகிறோம் என்பதால் தூரத்தைக் கூட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு ஓட்டுநர் இருந்தால் களைப்புக் குறையும், பகல் நீளாது.

பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவில் 146.6 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத நேர்சாலை இருக்கிறது. 110இல் போனால் 80 நிமிடம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேலையே இருக்காது. அந்த இடத்தில் கண் திறந்தபடியே மனம் தூங்கிவிடும். ரேடியோவோ பேச்சோ அதற்கு மருந்தாகாது, நிறுத்தி இறங்கி நடப்பதுதான் மருந்து. நேர்சாலை தொடங்கும் முன் பலடோனியாவில் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு முறை கட்டாயம் நிறுத்துங்கள்.

அந்த நெடுஞ்சாலையில் பல இழுவைப் பெட்டிகளைக் கோத்து இழுக்கும், 36.5 மீட்டர் நீள ரோடு டிரெயின் லாரிகள் ஓடும். அது 100இல் போகிறது, நீங்கள் 110இல் முந்துகிறீர்கள் என்றால், முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்துச் சுமார் 100 மீட்டரை நீங்கள் அதைவிட அதிகமாகக் கடக்க வேண்டும். அதற்கு 36 விநாடி, அதற்குள் உங்கள் கார் 1,100 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே வரும் வண்டியும் அதே வேகத்தில் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் 2.2 கி.மீ.க்கு மேல் காலியாகத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள். கங்காரு குறுக்கே வந்தால் பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஓரத்துச் சரளையில் சக்கரம் இறங்கினால் கார் உருண்டுவிடும், அது கங்காருவில் மோதுவதைவிட மோசம்.

கிழக்கே_போறோம்:
எல்லாருக்கும் நன்றி. அலுவலகத்தில் பேசிக் கூடுதல் விடுப்பு வாங்கிவிட்டேன், மொத்தம் 7 நாள். முதல் நாள் நார்ஸ்மன் 725, இரண்டாம் நாள் முன்டிராபில்லா 645, மூன்றாம் நாள் செடூனா 560, நான்காம் நாள் போர்ட் அகஸ்டா 470, ஐந்தாம் நாள் புரோக்கன் ஹில் 420, ஆறாம் நாள் நின்கன் 585, ஏழாம் நாள் சிட்னி 555 என்று போட்டிருக்கிறேன். முதல் நாள் மட்டும் 700ஐத் தாண்டுகிறது. பெட்ரோல் கேனில் எடுத்துப் போக வேண்டுமா? தொட்டியில் கறிவேப்பிலைச் செடி ஒன்று இருக்கிறது, அதையும் காரிலேயே கொண்டுபோகலாமா?

பாலைவழி:
முதல் நாளைப் பற்றிக் கவலை வேண்டாம். பெர்த் நகர எல்லையைத் தாண்டும் வரை விளக்கு உள்ள சாலைதான், அந்தப் பகுதியை மட்டும் விடியுமுன்பே முடித்துவிடுங்கள்.

கேன் தேவையில்லை. நார்ஸ்மனிலிருந்து பலடோனியா சுமார் 190 கி.மீ., பலடோனியா – கைகூனா 182, பார்டர் வில்லேஜிலிருந்து நல்லர்பார் ரோடுஹவுஸ் சுமார் 185. இவைதான் ஐயர் நெடுஞ்சாலையின் நீண்ட இடைவெளிகள், எந்த செடானும் தாங்கும். ஆனால் பாதித் தொட்டிக்குக் கீழே போகாமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிரப்புங்கள். ஒரு பெட்ரோல் பங்கில் மின்சாரமில்லை என்றாலும் அடுத்ததுக்குப் போய்விடலாம். விலை ஊரைவிட நன்றாகவே கூடும், அதற்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். கேனைவிட முக்கியம் உதிரிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்பதும், ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீரும். கைபேசி அலை ரோடுஹவுஸ் பக்கம்தான் கிடைக்கும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

மூன்றாம் நாள் 560 என்று குறைத்தது நல்ல முடிவு. எல்லைக்கும் நல்லர்பார் ரோடுஹவுஸுக்கும் நடுவில் பண்டா செங்குத்துப் பாறைகளைப் பார்க்க நிறுத்தும் இடங்கள் உண்டு. சற்றுக் கிழக்கே ஹெட் ஆஃப் பைட்டில் ஜூலையில் சதர்ன் ரைட் வகைத் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கரைக்குப் பக்கத்திலேயே மிதக்கும். அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் கடந்துவிடாதீர்கள்.

அடிலெய்டு_அக்கா:
கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, மண்ணோடு வேறு இருக்கிறது. கிழக்கே வரும் வண்டிகளைச் செடூனாவில் நிறுத்திப் பழம், காய், செடி எல்லாம் சோதிப்பார்கள். பழ ஈ பரவாமல் காக்கத்தான் இது, அபராதமும் உண்டு. கிளம்பும் முன் தெற்கு ஆஸ்திரேலிய வேளாண் துறையில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெர்த்தில் யாருக்காவது கொடுத்துவிட்டுச் சிட்னியில் புதுக்கன்று வாங்குவதே மேல். பழங்களைச் செடூனாவுக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

நெடுஞ்சாலைக்காரன்:
அறைகளை இப்போதே பதிவு செய்யுங்கள். ஜூலை பள்ளி விடுமுறைக் காலம், முன்டிராபில்லாவில் சில அறைகள்தான். அங்கே இடம் இல்லையென்றால் அதற்கு முந்தைய மடூராவில் தங்குங்கள், யூக்லா வரை இழுக்க வேண்டாம். சமையலறை எத்தனை மணிக்கு மூடும் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது அவர்கள் கடிகாரப்படி, பெர்த் நேரத்துக்கு அதில் 45 நிமிடம் கழிக்க வேண்டும்.