பாத்ரூம் சுவரில் ஈரம், முழுசா உடைக்கணுமா? அவசரம்

தோஹா_மக்கா
வணக்கம். நான் கத்தாரில் இருக்கிறேன். ஊரில் வீட்டு பாத்ரூமைப் புதுப்பிக்க வேண்டும். காண்ட்ராக்டர் எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகச் செய்ய 1,85,000 கேட்கிறார். என் கையில் இருப்பது 90,000. சுவரில் ஈரம் வேறு இறங்கி நிற்கிறது. பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டிவிடலாமா? திங்கட்கிழமை ஆள் வருகிறதாம். சீக்கிரம் சொல்லுங்கள்.

கோட்டாறு_வாசி
தம்பி, பாத்ரூம் நீள அகலம் என்ன? மேலே மாடி இருக்கிறதா, மொட்டை மாடியா, ஓட்டு வீடா? ஈரம் உள்பக்கமா, வெளிப்பக்கமா? வீடு எந்தப் பக்கம்?

சாரல்
வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் இரண்டு கோட் அடித்தால் எல்லாம் நின்றுவிடும். எங்கள் தக்கலை வீட்டில் அதைத்தான் செய்தோம். உடைக்கவே வேண்டாம்.

பழைய_பொறியாளர்
மாதம் ஒன்று இப்படி ஒரு கேள்வி வந்துவிடுகிறது. அளவு இல்லை, படம் இல்லை, ஊர்ப் பெயர்கூட இல்லை. டாக்டரிடம் போய் "வலிக்கிறது, மருந்து கொடுங்கள்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் டைல்ஸ் பற்றிப் பேசுவதே வீண். இதையெல்லாம் இங்கே பல தடவை விளக்கி எழுதியிருக்கிறேன், தேடிப் படித்துவிட்டு வரலாம்.
சாரலுக்கு: டைல்ஸுக்கு மேலே அடிக்கிற கோட் வேறு, டைல்ஸுக்கு அடியில் அடிக்கிறது வேறு. நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

தோஹா_மக்கா
வீடு குளச்சல் பக்கம். 7 அடிக்கு 4 அடி. ஒரே நிலை, மேலே கான்கிரீட். 2001-ல் அப்பா கட்டியது. அம்மா மட்டும் இருக்கிறார்கள். முட்டு வலி, அதனால் இந்தியன் க்ளோசெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும். மச்சான் மேல்பார்வை பார்ப்பான்.

வெட்டுக்கல்
குளச்சல் பக்கம் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. கடற்கரை ஊர்களில் அந்தக் காலத்தில் பூச்சுக்குக் கடல் மணலைக் கலந்துவிடுவார்கள். மணலில் இருக்கும் உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுவர் எந்தக் காலத்திலும் காயாது. பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு நல்ல மணலில் புதிதாகப் பூசுங்கள். வேறு வழியே கிடையாது.

திங்கள்நகர்_பிளம்பர்
அண்ணாச்சி சொல்வதுபோல மணலில் உப்பு இருந்தால் வீட்டில் எல்லாச் சுவரிலும் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரே சுவரில் மட்டும் என்றால் அது வேறு கதை. தம்பி, படம் ஒன்று போடுங்க. ஈரம் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது? அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது? உள்ளே ஓடுவது இரும்புக் குழாயா, பிளாஸ்டிக் குழாயா?

அம்மாண்டிவிளை_அக்கா
யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். வீட்டில் வேறு கழிப்பறை இருக்கிறதா தம்பி? தரையை உடைத்தால் காங்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டி, அது இறுகி, க்ளோசெட் உட்கார்ந்து, உள்ளே கால் வைக்கிற வரைக்கும் அம்மா எங்கே போவார்கள்? முட்டு வலிக்காரரை நடு ராத்திரியில் பக்கத்து வீட்டுக்கு நடக்க வைக்கக் கூடாது. எங்கள் மாமியாருக்கு வேலை நடந்தபோது நாற்காலியில் வைத்துப் பயன்படுத்தும் கமோடு ஒன்று வாங்கி வைத்தோம். பிறகும் உதவியது. ஆள் வருவதற்கு முன்னால் இதை யோசித்துவிடுங்கள்.

தோஹா_மக்கா
படம் போட்டிருக்கிறேன், மச்சான் எடுத்து அனுப்பியது. படம் அம்மா படுக்கும் அறைப் பக்கம் எடுத்தது, சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாத்ரூம். குழாய் இரும்புதான் என்று அம்மா சொல்கிறார்கள். வேறு கழிப்பறை இல்லை. அக்கா, நன்றி.

கோட்டாறு_வாசி
படம் பார்த்தேன். பெயிண்ட் கொப்பளித்து, பூச்சு உப்பி நிற்கிறது, அதன் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. ஈரம் தரையைத் தொடவில்லை, அதைக் கவனியுங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு வட்டமாகத் தொடங்கி அங்கிருந்து கீழே இறங்குகிறது. வட்டத்துக்கு நடுவில் பழுப்புக் கறை. கட்டிலுக்கு மேலே சுவர் நன்றாகக் காய்ந்துதான் இருக்கிறது. தரையில் ஒழுகுகிற தண்ணீர் என்றால் கீழே இருந்து மேலே ஏறியிருக்கும். இது மேலே தொடங்கிக் கீழே வருகிறது.

திங்கள்நகர்_பிளம்பர்
அந்த இடத்துக்கு நேர் மறுபக்கம் வாளிக்குத் தண்ணீர் பிடிக்கும் டேப் இருக்கும், பாருங்க. பழுப்புக் கறை துரு. சுவருக்குள் இரும்புக் குழாய், அதில் குழாய் திரும்பும் இடத்தில் ஒரு எல்போ, இத்தனை வருஷம், கடலோரம். என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.
உடைக்கிறதுக்கு முன்னால் ஒரு சோதனை. ராத்திரி எல்லா டேப்பையும் மூடுங்க. மோட்டார் போடக் கூடாது. ஃப்ளஷ் டேங்க் இருந்தால் அதற்குப் போகும் வால்வையும் மூடுங்க. மொட்டை மாடித் தொட்டிக்குள் ஒரு கம்பை விட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்க. காலையில் யாரும் டேப்பைத் திறக்கும் முன் மறுபடி பாருங்க. தொட்டி ஒரு மீட்டர் அகலம் என்றால் ஓர் அங்குலம் குறைந்தால் கிட்டத்தட்ட 20 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். குறைந்தால் ஒழுகல் குழாயில். குறையவில்லை என்றால் தரையிலோ கழிவுக் குழாயிலோ.
அப்போது அடுத்த சோதனை: தரையில் தண்ணீர் வடிந்து போகும் ட்ராப்பைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் நிறுத்துங்க. அதற்குள் அம்மாவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

பழைய_பொறியாளர்
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், காரணம் தெரியாமல் பேசக் கூடாது என்று. இன்னொன்று. பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்ட முடியும், ஆனால் அதற்கென்றே உள்ள அட்ஹெசிவ் வேண்டும், சிமெண்ட் பால் பிடிக்காது. ஒட்டும் முன் ஒரு நாணயத்தை வைத்துப் பழைய டைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென்று சத்தம் கேட்டால் அது ஏற்கெனவே பிடிப்பு விட்டது, அதன் மேல் ஒட்டக் கூடாது. சுவரில் செய்யலாம். தரையில் செய்யாதீர்கள். தரை உயரும், கதவு உரசும், ட்ராப் பள்ளத்தில் போய்விடும், வாசலில் ஒரு படி வரும். முட்டு வலிக்காரருக்கு அந்தப் படிதான் ஆபத்து.

களியக்காவிளை_77
டைல்ஸ் எடுப்பதாக இருந்தால் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் போங்கள். நம் ஊர்க் கடைகளைவிட விலை குறைவு, டிசைனும் நிறைய.

கோட்டாறு_வாசி
எப்படிக் குறையும்? இந்தியாவில் விற்கிற டைல்ஸில் பெரும்பகுதி குஜராத் மோர்பியில் இருந்து வருகிறது. அங்கிருந்து நாகர்கோவிலுக்கு வந்தாலும் நெய்யாற்றின்கரைக்குப் போனாலும் அதே லாரிதான். 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு வரியும் இரண்டு பக்கமும் ஒன்று.

களியக்காவிளை_77
வரி ஒன்றுதான், கடைக்காரர் வைக்கும் லாபம் ஒன்றா? என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விலை கேட்டுத்தான் வாங்கினேன்.

வெட்டுக்கல்
அங்கே வாங்கினால் ஏற்றுக்கூலி கொடுத்தே மாளாது. சுமை தூக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கே நோக்குகூலி கேட்பார்கள்.

களியக்காவிளை_77
நோக்குகூலியைக் கேரள அரசு 2018-லேயே தடை செய்துவிட்டது. இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். எங்கள் பக்கத்து மனிதர்கள் பாதிப் பேர் அங்கேதான் வாங்குகிறார்கள்.

கோட்டாறு_வாசி
அங்கிருந்து குளச்சல் வரை வண்டிக் கூலியையும் சேருங்கள். வழியில் உடைகிற டைல்ஸை யார் மாற்றித் தருவார்? பக்கத்துக் கடை என்றால் மிச்சம் வந்த பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வான். குறைந்த பட்ஜெட்டில் அதுவே பெரிய காசு.

சாரல்
திருப்பி எடுப்பதும் கடையைப் பொறுத்தது. எங்களுக்குத் தக்கலையில் எடுக்கவில்லை. பில் போடும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

அம்மாண்டிவிளை_அக்கா
தம்பி கேட்டது டைல்ஸ் கடை இல்லையே. எஸ்டிமேட்டை யாராவது பாருங்கள். 7க்கு 4 பாத்ரூமுக்கு 1,85,000 என்றால் எதில் போகிறது? டைல்ஸ் எத்தனை சதுர அடி எழுதியிருக்கிறார்?

தோஹா_மக்கா
260 சதுர அடி என்று எழுதியிருக்கிறார் அக்கா. கூலியும் பொருளும் பிரித்துப் போடவில்லை, மொத்தமாகத்தான். இன்று ராத்திரி மச்சான் தொட்டியைப் பார்ப்பான்.

அம்மாண்டிவிளை_அக்கா
நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு சுவரும் சேர்த்துச் சுற்றளவு 22 அடி. 7 அடி உயரம் ஒட்டினால் 154. கதவுக்கு 17 அல்லது 18 கழியும். தரை 28. மொத்தம் 165 வரும். உடைசல், வெட்டு என்று பத்து சதவீதம் கூட்டினாலும் 182-க்கு மேல் போகாது. 260 வர வேண்டும் என்றால் அவர் கூரை வரை, கிட்டத்தட்ட 10 அடிக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். இந்தச் சின்ன பாத்ரூமுக்கு அது எதற்கு? 7 அடிக்கு மேல் தண்ணீர் தெறிக்காது, அங்கே பெயிண்ட் போதும். இன்னும் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் குளிக்கிற பக்கம் மட்டும் 7 அடி, மற்றதெல்லாம் 4 அடி வையுங்கள்.
கூலி தனி, பொருள் தனி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். டைல்ஸ், க்ளோசெட் காசை நீங்களே கடைக்கு நேராக அனுப்புங்கள். கூலியைத் தவணையாகக் கொடுங்கள், கடைசித் தவணை தரையில் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்த பிறகுதான். வெளிநாட்டில் இருப்பவர் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

வெட்டுக்கல்
மணலைக் கேட்க மறக்காதீர்கள். பூச்சுக்கு எந்த மணல் என்று எழுதி வாங்குங்கள். நான் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கோட்டாறு_வாசி
காதில் விழுகிறது அண்ணாச்சி. புதுப் பூச்சுக்கு அது சரியான யோசனைதான். இந்த ஈரத்துக்குக் காரணம் அதுவல்ல என்றுதான் சொல்கிறோம்.

*(நடுவில் இழை சும்மா கிடந்தது)*

தோஹா_மக்கா
தொட்டியில் மூன்று அங்குலம் குறைந்திருந்தது. டேப் பக்கம் ஒரு டைல்ஸை மட்டும் எடுத்துப் பார்த்ததில் எல்போ துருப்பிடித்து ஊசித் துளையாகப் பீச்சுகிறது. முழு உடைப்பு வேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லியாகிவிட்டது. வேறு கொத்தனார் பார்த்திருக்கிறோம். எல்லாருக்கும் நன்றி.

திங்கள்நகர்_பிளம்பர்
நல்லது தம்பி. அந்த ஒரு எல்போவை மட்டும் மாற்றி மூடிவிடாதீங்க. ஒன்று இப்படியானால் அதே வயசில் உள்ள மற்றதும் சீக்கிரம் போகும். பழைய இரும்பு லைனைத் தொட்டியில் இருந்தே துண்டித்துவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போடுங்க. பட்ஜெட் இடித்தால் சுவருக்கு வெளிப்பக்கமாகவே கொண்டு வந்து டேப் இருக்கும் இடத்தில் மட்டும் துளைத்து உள்ளே விடலாம். வெளியே ஓடும் குழாய்க்குப் பெயிண்ட் அடிக்கணும், வெயிலில் சும்மா கிடந்தால் பிளாஸ்டிக் பொரிந்துபோகும். டைல்ஸ் மூடும் முன் பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்க.

பழைய_பொறியாளர்
தரையை எப்படியும் க்ளோசெட்டுக்காகத் திறக்கப் போகிறீர்கள். அப்போதே வாட்டர்ப்ரூஃப் கோட்டை டைல்ஸுக்கு அடியில் அடித்துவிடுங்கள். சுவர் ஓரத்தில் ஓர் அடி உயரம் வரை ஏற்றி அடிக்க வேண்டும், குளிக்கும் பக்கம் இன்னும் உயரம். முதல் கோட் ஒரு திசை என்றால் அடுத்தது அதற்குக் குறுக்கே. காய்ந்த பிறகு தண்ணீர் கட்டிப் பாருங்கள், அப்புறம்தான் டைல்ஸ். தரைச் சரிவு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது ட்ராப்பைப் பார்த்து இருக்க வேண்டும். ஒழுகல் குழாய் எல்போவில்தான் என்று பிளம்பர் சரியாகவே ஊகித்தார்.

கோட்டாறு_வாசி
க்ளோசெட் வாங்கும் முன் மச்சானை அளக்கச் சொல்லுங்கள், தம்பி. கழிவு தரை வழியாகப் போகிறதா, சுவர் வழியாகவா? தரை என்றால், முடிந்த சுவரில் இருந்து துளையின் நடு வரை 9 அங்குலமா, 12 அங்குலமா? டைல்ஸ் தடிமனையும் சேர்த்து அளக்க வேண்டும். இது தெரியாமல் வாங்கினால் க்ளோசெட் சுவரில் இடிக்கும், இல்லையென்றால் பின்னால் கை நுழையாத இடைவெளி விழும்.

அம்மாண்டிவிளை_அக்கா
க்ளோசெட் பக்கத்தில் அம்மா பிடித்து எழ ஒரு கைப்பிடிக் கம்பி வையுங்கள். கடலோரத்தில் 304 ரக ஸ்டீல்கூடத் துருக் கறை பிடிக்கும், 316 ரகம் கேட்டு வாங்குங்கள். தரைக்கு வழுக்காத, சொரசொரப்பான சின்ன டைல்ஸ். பளபளப்பானது வேண்டவே வேண்டாம்.

சாரல்
பெட்ரூம் சுவருக்கு உடனே பெயிண்ட் அடிக்கலாமா? எங்களுக்கும் அதே மாதிரி ஒரு சுவர் இருக்கிறது.

திங்கள்நகர்_பிளம்பர்
கூடாது. உப்பிய பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்துவிட்டு, வெள்ளைப் பொடியை உலர்ந்த பிரஷால் தேய்த்து, ஃபேன் போட்டுக் காய விடணும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் சுவர் காயவே காயாது. அதனால் கொத்துவதை இந்த வாரமே முடித்துவிட்டு, பூச்சையும் பெயிண்டையும் மழை ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தோஹா_மக்கா
சரி அண்ணா, மச்சானிடம் சொல்லிவிட்டேன். அக்கா சொன்ன கமோடு நாற்காலி வாங்கியாச்சு.