மலைநாட்டு ஹோட்டல்களில் காலைச் சாப்பாடு: உங்கள் மனதில் நின்றது எது?

ஹட்டனிலிருந்து ஒரு வேன் ஓட்டுநர்:

சுற்றுலா வருகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு மலைநாட்டைக் காட்டுவது என் தொழில். கண்டி, நுவரெலியா, ஹப்புத்தளை, எல்ல என்று பாதை பெரும்பாலும் ஒன்றுதான். தங்கும் ஹோட்டல்தான் மாறும். காலையில் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறியதும் எல்லாரும் முதலில் பேசுவது அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான். கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. மேசையில் எத்தனை வகை இருந்தது என்று மறுநாள் யாரும் பேசுவதில்லை. அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வந்த ஒரு பண்டத்தையும், அதைக் கொண்டுவந்து வைத்த ஆளையும் கடைசி நாள் வரை பேசுகிறார்கள்.

பெரிய ஹோட்டல்களில் ஓட்டுநர்களுக்குச் சமையலறைக்குப் பின்னால் தனி அறை, தனிச் சாப்பாடு. முன்னால் விருந்தாளிகளுக்கு சொசேஜ், பேக்கன், பீன்ஸ், டோஸ்ட், ஜாம். பின்னால் எங்களுக்கும் சமையலறை ஆட்களுக்கும் தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், பருப்பு. ஒருமுறை நுவரெலியாவில் ஒரு ஜெர்மன் தம்பதி, புறப்படும் நேரத்தைச் சொல்வதற்காக என்னைத் தேடிப் பின்பக்கம் வந்துவிட்டார்கள். ரொட்டிக்கல்லில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டிய கனமான ரொட்டி. கோக்கி அண்ணன் ஒன்றைப் பிய்த்து, சம்பல் தடவி அவர்கள் கையில் கொடுத்தார். காரத்தில் அந்த அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, நின்றபடியே முழு ரொட்டியையும் தின்று முடித்தார். அப்புறம் போன ஒவ்வொரு இடத்திலும் காலையில் என்னைத்தான் கேட்டார்கள், அந்த ரொட்டி இங்கே கிடைக்குமா என்று. பல இடங்களில் இருந்தது. பின்பக்கத்தில்.

இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. விடியற்காலையில் தோட்டத்தில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் அம்மாமார் சுட்டது இதே ரொட்டிதான். லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சுடச்சுடத் தின்று வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்கு இந்த ஹோட்டல்களில் சமைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள், அறை கூட்டுகிறார்கள். அவர்கள் கைக்கு நன்றாக வருகிற சாப்பாட்டைப் பின்னால் வைத்துவிட்டு, டின்னில் வந்த பீன்ஸை முன்னால் வைப்பதில் என்ன பெருமை? இலங்கைச் சாப்பாடு என்று ஒரு மூலை இருக்கும்தான். மூன்று மூடிபோட்ட பாத்திரம், உள்ளே ஆறிப்போன பருப்பு, கிழங்கு, காய்ந்த சம்பல். அதைச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் இலங்கைச் சாப்பாடு சுமார்தான் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தேத்தண்ணி விஷயம் இதைவிட மோசம். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டதிலிருந்து இந்த மலைகளின் கதையே தேயிலைதான். ஜன்னலைத் திறந்தால் கொழுந்து மலை தெரிகிற ஹோட்டலில், மேசைக்கு வருவது நூல் தொங்கும் டீ பேக். ஹப்புத்தளைப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் மட்டும் வேறு மாதிரிப் பார்த்தேன். அங்கே பரிமாறுகிற தம்பி இரண்டு போத்தலில் தூளைக் கொண்டுவந்து காட்டுவார். ஒன்று ஊவாப் பக்கத்துத் தேயிலை, மற்றது திம்புள்ளப் பக்கத்துத் தேயிலை. ஊவாவில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும்போது எடுக்கிற கொழுந்துக்கு ஒரு தனி வாசம், திம்புள்ளப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம், நுவரெலியாத் தேயிலை வெளிர்ப் பொன்னிறமாக இருக்கும், அதில் பாலை ஊற்றிக் கெடுக்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, இரண்டையும் தனித்தனிக் கேத்தலில் ஊற்றி வைப்பார். அவருடைய அம்மா கொழுந்தெடுத்தவர். படித்துச் சொன்ன பேச்சு இல்லை என்று கேட்கிற எவருக்கும் தெரியும். எல்ல போய்ச் சேரும்வரை என் வேனில் தேயிலையைத் தவிர வேறு பேச்சில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், பொதிச் சாப்பாடு. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பவேண்டும். அங்கே உலக முடிவு என்கிற மலைவிளிம்பில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும், 800 மீட்டருக்கு மேலான அந்தப் பள்ளம் முழுக்க வெள்ளையாகிவிடும். ஆகவே ஹோட்டல்கள் காலைச் சாப்பாட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும். பெரும்பாலும் குளிர்ந்த சாண்ட்விச், ஒரு ஆப்பிள், பெட்டி ஜூஸ். சமவெளி வாசலில் பொலித்தீன் விடமாட்டார்கள், சுற்றிய உறையை அங்கேயே கழற்றி வாங்கிவிடுவார்கள். பாதிச் சாண்ட்விச் கையோடு பிரிந்துவிடும். ஆனால் நான் அடிக்கடி ஆட்களை இறக்குகிற ஒரு வீட்டு விடுதியில், அந்த வீட்டு அக்கா நாலு மணிக்கே எழுந்து ரொட்டி சுட்டு, வாழையிலையில் வைத்துக் கடதாசியில் சுற்றித் தருவார். இரண்டு அவித்த முட்டை, கோழிக்கூட்டு வாழைப்பழம், பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ. நடந்து முடித்து வந்து, அந்தக் குளிரில் இலையைப் பிரிக்கும்போது வருகிற வாசனையை எந்த நட்சத்திர ஹோட்டலும் கொடுத்து நான் பார்க்கவில்லை.

நுவரெலியாவிலிருந்து, ஹோட்டல் சமையலறையில் வேலை செய்பவர்:

அண்ணன் எழுதினது உண்மை. சமையலறைப் பக்கமிருந்து கொஞ்சம் சொல்கிறேன், இங்கே காலைச் சாப்பாடு செய்வது கொழும்பில் செய்வது போல இல்லை.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று முட்டையைக் கீழே வேகவைக்கிற அதே நேரத்தில் எடுத்தால் உள்ளே சரியாக வெந்திருக்காது. பருப்பும் அப்படித்தான், கூடுதல் நேரம் பிடிக்கும். கீழேயிருந்து புதிதாக வருகிற சமையல்காரர்களுக்கு முதலில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

அப்ப மாவு அதைவிடப் பிடிவாதம். ஜனவரி, பெப்ரவரியில் விடியும்போது புல்லில் உறைபனி இருக்கும். அந்தக் குளிரில் மாவு பொங்கவே பொங்காது. நாங்கள் மாலையிலேயே கரைத்து, பாண் போடுகிற போறணைக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைப்போம். இரவு வேலைக்கு நிற்கிற ஆள் நடுவில் ஒருதரம் பார்ப்பார். இவ்வளவு பாடுபட்டுச் சுடுகிற அப்பத்தை அடுக்கி மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் ஓரம் தளர்ந்துபோகும். ஆகவே நான் வேலை செய்கிற இடத்தில் கேட்டு நின்று, அப்பச்சட்டியைச் சாப்பாட்டு அறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டோம். சட்டியைச் சுழற்றும்போது பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். முட்டையை உடைத்து ஊற்றச் சொல்லி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அப்பம். அந்தக் குடும்பம் எங்களை மறக்காது, நாங்களும் மறப்பதில்லை.

தட்டு. இதை யாரும் கவனிப்பதில்லை. இங்கே அலமாரியிலிருந்து எடுக்கிற தட்டு ஐஸ் மாதிரி இருக்கும். அதில் சூடான இடியப்பத்தை வைத்தாலும் சொதி ஊற்றுவதற்குள் ஆறிவிடும். தட்டைக் கொதிநீரில் முக்கித் துடைத்து வைத்தால் போதும். செலவே இல்லாத வேலை.

2022இல் காஸ் கிடைக்காமல் நாடே தவித்தபோது நாங்களும் பஃபேயை நிறுத்தவேண்டி வந்தது. பின்னால் விறகடுப்பு மூட்டினோம். வந்த சில பேருக்கு ரொட்டி, பருப்பு, முட்டை, வெலிமடைக் கிழங்கில் ஒரு பிரட்டல், லீக்ஸ் வதக்கல், அவ்வளவுதான். எவ்வளவோ பயந்தோம். அந்த மாதங்களில் விருந்தாளிகள் சமையலறை வாசலுக்கு வந்து கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் காஸ் வந்தது, பேக்கனும் வந்தது. லீக்ஸ் வதக்கலை மட்டும் நான் விடவில்லை, இன்றைக்கும் மேசையில் இருக்கிறது.

இந்த மண்ணில் விளைகிறதைக் காலையில் கொடுக்கவேண்டும் என்பது என் ஆசை. அம்பேவெலப் பால் பக்கத்தில் இருக்கிறது. ஸ்ட்ரோபெரி இங்கே காய்க்கிறது. மரத்தக்காளியில் சீனி போட்டு அடித்தால் அந்த நிறத்துக்கே குடிக்கலாம். ஏன் பெட்டியில் அடைத்த ஒரேஞ்ச் ஜூஸ்?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி:

அம்மாவுக்கு ரயிலில் மலைநாடு பார்க்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. பண்டாரவளையில் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தது வியாழன் மாலை. அம்மா வெள்ளிக்கிழமையில் மச்சம் தொடமாட்டா. வெளியிடத்தில் அதைச் சொல்லித் தொந்தரவு கொடுக்கக்கூடாது, பாணும் பட்டரும் போதும் என்று அவ என்னிடம் முதலே சொல்லிவைத்திருந்தா.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் சமையல் செய்கிற அக்கா மேசைக்கு வந்தா. பதுளைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வருகிறவ. “நாளைக்கு வெள்ளிக்கிழமைங்களே அம்மா, மரக்கறிதானே? என்ன செஞ்சு தரட்டும்?” என்று கேட்டா. அம்மாவின் நெற்றியில் திருநீறைப் பார்த்திருக்கிறா. நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மரக்கறிக்காரர் இங்கே கவனிக்கவேண்டியது சம்பல். தேங்காய்ச் சம்பல், கட்டச்சம்பல், சீனிச்சம்பல் எல்லாவற்றிலும் பெரும்பாலும் மாசிக் கருவாடு இருக்கும், சில இடங்களில் பருப்பிலும் போடுவார்கள். மரக்கறி என்று எழுதிவைத்த மேசையிலேயே அது இருக்கும். கேட்டால்தான் தெரியும். அந்த அக்கா காலையில் அம்மியில் மாசி இல்லாமல் சம்பல் அரைத்து, இடியப்பமும் சொதியும் தனிச் சட்டியில் செய்திருந்தா. “அம்மியக் கழுவித்தான் அரைச்சேன்மா, நம்பிச் சாப்பிடுங்க” என்றா. அம்மா வயிறாரச் சாப்பிட்டா. சொதிக்கு மஞ்சள் எவ்வளவு போட்டாய் என்று இருவரும் அரைமணி நேரம் கதை. ரயில் நேரமாகிறது என்று நான்தான் எழுப்பவேண்டி வந்தது. ஊருக்குத் திரும்பி வந்து அக்கம்பக்கத்தில் அம்மா சொன்னது ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி ஒரு பங்கு, அந்தக் காலைச் சாப்பாட்டைப் பற்றி மூன்று பங்கு.

மஸ்கெலியாவிலிருந்து:

சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. டிசம்பர் போயா என்கிற முழுநிலா நாளிலிருந்து மே மாதப் போயா வரை மலையடிவாரத்து நல்லதண்ணியில் கூட்டம். இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கி, 2,243 மீட்டர் உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, அந்த ஆயிரக்கணக்கான படிகளையும் திரும்ப இறங்கிவர எட்டரை, ஒன்பது ஆகும். வயதானவர்களுக்குப் பத்தும் ஆகும். கால் நடுங்கும், பசி இருக்கும், ஆனால் வயிறு உடனே எதையும் ஏற்காது. அந்த நேரத்தில் ஒன்பதரையோடு சாப்பாடு முடிந்தது என்று சொல்கிற விடுதிகளும் உண்டு. அப்படிச் சொல்வது அநியாயம். மலைக்கு வந்தவர்களை வைத்துத்தான் அந்த விடுதியே நடக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் கடைசி ஆள் இறங்கிவரும்வரை அடுப்பை அணைக்கமாட்டார்கள். வாசலில் கால் ஊறவைக்கச் சுடுதண்ணி வாளி. முதலில் வல்லாரை போட்ட இலைக்கஞ்சி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. அது வயிற்றைச் சமாதானப்படுத்தியபிறகு பாற்சோறும் கட்டச்சம்பலும். எந்த மதத்துக்காரர் வந்தாலும் இதே வரிசைதான்.

ஹட்டன் வேன் ஓட்டுநர் மீண்டும்:

இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், பெரிய ஹோட்டலில் தங்கினால் இந்த ரொட்டியை எப்படிக் கேட்பது என்று. வெட்கப்படாமல் கேளுங்கள். காலையில் போய்க் கேட்டால் மாவு இருக்காது, முந்தின இரவு எட்டு மணிக்கு முன்னால், பரிமாறுகிற பிள்ளையிடமே சொல்லிவிடுங்கள். தமிழில் சொன்னால் போதும், பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருப்பார். “நீங்க சாப்பிடுற ரொட்டியும் சம்பலும் வேணும் தம்பி” என்று சொல்லுங்கள். காரம் குறைவாக வேண்டுமென்றால் அதையும் அப்போதே. சாப்பிட்டு முடித்ததும் சுட்ட ஆளைக் கூப்பிட்டு நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள், முடிந்தால் விருந்தாளிகள் கருத்து எழுதும் புத்தகத்திலும் ரொட்டி என்றே எழுதுங்கள். மேனேஜர்மார் அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் மறுமாதச் சாப்பாட்டுப் பட்டியலைப் போடுகிறார்கள்.