மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு ஐயா

2022 ஜூன் மாதம், இலங்கையில் பொருளாதார நெருக்கடிக் காலம். காஸ் கிடையாது, விறகும் கைக்கு எட்டாத விலை. மசகு எண்ணெய் (கச்சா எண்ணெய்) வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் அடிக்கடி நின்றுபோனதால், மண்ணெண்ணெய் எப்போதாவதுதான் வரும். அப்போது லீற்றர் 87 ரூபாய். ஆகஸ்டில்தான் அதை 340 ஆக்கினார்கள். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊர் எங்கள் திருகோணமலை. அந்த ஊர்க்காரர்கள் வெறுங்கானோடு இரவிரவாக வரிசையில் கிடந்தோம்.

யாரும் இடையில் நுழையாதபடி கான்களின் கைப்பிடிகளுக்குள் கயிற்றைக் கோத்துக் கட்டிவிடுவோம். என் கான் நாற்பதாவது இடம் மட்டில் இருந்தது. விடியற்காலையில் எங்கள் மெதடிஸ்த சபையைச் சேர்ந்த ஓர் அக்கா வந்தார். வீட்டில் தாய் படுத்த படுக்கை. நான் கயிற்றை அவிழ்த்து அவருடைய கானை என் கானுக்கு முன்னால் வைத்தேன். மனம் நிறைந்துபோனது. முந்தின வாரம்தான் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் படிப்பித்திருந்தேன்: "அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக." பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவர்களுக்கு இரக்கமே இல்லையா என்று நினைத்தேன்.

எனக்குக் கொஞ்சம் முன்னால் பாலையூற்றிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்க ஐயா. மீன்பிடிதான் தொழில். போட் இஞ்சினுக்கு எண்ணெய் இல்லாமல் பத்து நாளாகக் கடலுக்குப் போகவில்லை. எட்டு மணியளவில் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் இளைஞர் வந்து கடைசியில் நின்றார். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் வைக்கக்கூட வழியில்லை என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது எப்படியோ ஐயாவின் காதுக்கு எட்டிவிட்டது. நடந்து போய், "மகன், உங்கட கானைத் தாங்க" என்று வாங்கி வந்தார். தன் கானை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தார். அப்புறம் தன் கானைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கே போனார்.

நான் கேட்டேன்: "ஐயா, அவரை உங்களுக்கு முன்னுக்கு விட்டாப் போதாதா? ஏன் கடைசிக்குப் போறீங்க?"

"அப்படிச் செய்தா எனக்குப் பின்னால நிக்கிற அவ்வளவு பேருக்கும் ஒரு இடம் பின்னுக்குப் போகுமே தம்பி. என்ட இடத்தைத்தான் நான் குடுக்கலாம். மற்றவையின்ட இடத்தைக் குடுக்க நான் ஆர்?"

எனக்கு முகம் சுட்டது. அக்காவுக்காக இரங்கியதில் பிழை இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் விடியும்வரை விழித்திருந்த ஒவ்வொருவரிடமும் கேட்காமல் கொஞ்சம் எடுத்துத்தான் அந்த இரக்கத்தை நான் காட்டியிருந்தேன். யோசிக்க யோசிக்க வேறு விஷயங்களும் நினைவுக்கு வந்தன. ஜெபக்கூட்டம், நோயாளர் சந்திப்பு என்று மாலை முழுவதும் நான் வெளியில் இருப்பேன். பிள்ளைகளின் படிப்பும் மாமியின் மருந்தும் மனைவியின் தலையில். அதற்கும் நான் ஊழியம் என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

எனக்கு 5 லீற்றர் கிடைத்தது. அக்காவுக்கும் அந்த இளைஞருக்கும் கிடைத்தது. ஐயாவின் முறை வருமுன்பே முடிந்துவிட்டது என்று கை விரித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, ஐயாவுக்குக் கொஞ்சம் கொடுக்கலாமா என்று கேட்டேன். வேறு நாளாக இருந்தால் கேட்காமலே ஊற்றிக்கொண்டு போயிருப்பேன். அவள் ஒன்றும் சொல்லாமல் புனலை எடுத்து, இரண்டு போத்தல் நிறைய அளந்து தந்தாள்.

திரும்பிப் போனபோது, மாலையில் இன்னொரு பவுசர் வரலாம் என்று ஐயா கானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இஞ்சினுக்குக் காணாது ஐயா, அடுப்புக்கு வச்சுக்கொள்ளுங்க" என்று நீட்டினேன்.

உடனே வாங்கவில்லை. "வீட்டில கேட்டுத்தானே கொண்டு வந்தீங்க?" என்றார்.

"ஓம் ஐயா" என்ற பிறகுதான் கையை நீட்டினார்.