ஆல்பேட்டையில் மாட்டினால் 18-ஆ, 21-ஆ?

மஞ்சக்குப்பத்தான்:
எங்கள் நகர் வாட்ஸப் குழுவில் ஒரு பெரியவர் நேற்று போட்ட எச்சரிக்கை இது: “21 வயது ஆகாத கடலூர்ப் பையன்கள் புதுச்சேரி போய்க் குடித்துவிட்டு வந்தால் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பிடித்து ஜெயிலில் போடுவார்கள். அப்புறம் அரசு வேலையும் கிடையாது, பாஸ்போர்ட்டும் கிடையாது.” இதற்கு வரிசையாகக் கும்பிடு பொம்மைகள் வேறு. புதுச்சேரியில் 18 முடிந்தால் போதும். சட்டம் தெரியாமல் ஏன் பூச்சாண்டி காட்டுகிறார்கள்?

கோண்டூரார்:
அந்தப் பெரியவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். தமிழ்நாட்டில் 21, டாஸ்மாக்கில் போர்டே வைத்திருக்கிறான். கடலூர்ப் பையன் எங்கே போனாலும் கடலூர்ப் பையன்தான். 21 என்றால் 21.

பாகூரான்:
அண்ணே, போர்டை முழுசாகப் படியுங்கள். 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு ‘விற்கக் கூடாது’. அது கவுன்டருக்கு உள்ளே நிற்பவருக்குப் போட்ட கட்டுப்பாடு. புதுச்சேரி முள்ளோடையில் குடித்தது எந்தக் கணக்கு என்று ஆல்பேட்டையில் யாரும் வயிற்றைத் திறந்து பார்ப்பதில்லை. பாட்டில் இருக்கிறதா, ஓட்டுகிறவர் ஊதினால் என்ன காட்டுகிறது, அவ்வளவுதான். பாட்டில் இருந்தால் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம். 19 ஆனாலும் 60 ஆனாலும் வழக்குதான், வண்டியும் போகும். ஊதி, 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185. முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

கோண்டூரார்:
சிறை என்று அவரே சொல்லிவிட்டார். நன்றி. 21.

மஞ்சக்குப்பத்தான்:
அது வண்டி ஓட்டியதற்கு சார்! நீங்கள் குடித்துவிட்டு ஓட்டினாலும் அதேதான்.

கோண்டூரார்:
எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மரியாதையாகப் பேசவும்.

முதுநகர் அக்கா:
19 வயசுப் பையனையே பிடித்துத் தொங்குகிறீர்களே, பத்தாவது படிக்கிற பிள்ளைகளைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா? கடை வாசலில் யாரோ ஒரு ‘அண்ணன்’ கையில் காசைக் கொடுத்து வாங்கி, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கலந்து ஸ்கூல் பையின் பக்கத்து வலையில் செருகிக்கொண்டு போகிறதுகள். பேருந்தில் மூடி திறந்தாலே நாறுகிறது.

பாகூரான்:
18 நிறையாவிட்டால் கணக்கே வேறு அக்கா. 2015 இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 77: பிள்ளைக்கு மது கொடுத்தவருக்கு ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மாட்டப்போவது அந்த ‘அண்ணன்’. பையனை லாக்கப்பில் வைக்கவே கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். இந்த மாதிரி சின்ன விஷயத்துக்குக் கண்டிப்பு, கவுன்சலிங் என்றுதான் போகும். பேரையோ படத்தையோ வெளியே போடுவதும் குற்றம், குழுவில் ஃபார்வர்டு செய்கிறவர்கள் கவனிக்கவும். அந்த வழக்கு பின்னால் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று பிரிவு 24 இருக்கிறது. பாஸ்போர்ட் கதை எங்கிருந்து வந்ததோ! ஆனால் அந்தப் பிள்ளையே பைக் ஓட்டி ஏதாவது ஆகியிருந்தால் அப்பாவுக்கு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 199ஏ: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு (ஆர்.சி.) ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

கோண்டூரார்:
காலையில் 18, மத்தியானம் 25. நான் ஒரே எண்ணில் நிற்கிறேன்.

மஞ்சக்குப்பத்தான்:
தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் 18, அவ்வளவுதான் விஷயம்.

பாகூரான்:
பாலம் தாண்டினால் உடனே புதுச்சேரியா? ரெட்டிச்சாவடி எந்த மாநிலம் தம்பி? எல்லை முள்ளோடையில். இதுகூடத் தெரியாமல் விவாதம் ஆரம்பித்துவிட்டீர்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
உங்கள் பக்கம்தானே பேசிக்கொண்டிருந்தேன்? முன்பு நடந்த ஹெல்மெட் விவாதத்திலும் இப்படித்தான் கூட நின்றவனையே கடித்தீர்கள்.

கோண்டூரார்:
நம் பையன்கள் கெட்டால்தான் அவர்கள் ஊருக்கு வருமானம். 18 என்று வைத்ததே அதற்குத்தான்.

பாகூரான்:
உங்கள் டாஸ்மாக்கில் 2003-லிருந்து மோரா விற்கிறார்கள்?

முதுநகர் அக்கா:
அந்த ‘அண்ணன்’ மேல் புகார் கொடுக்க குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடித்தால் போதுமா, ஸ்டேஷனுக்கே போக வேண்டுமா?

கோண்டூரார்:
மோர் பற்றி புதுச்சேரிப் பாகூரில் இருப்பவர் பேசக் கூடாது. ஹெல்மெட் விஷயத்தில் யார் சொன்னது சரி என்று அட்மினைக் கேளுங்கள்.