கலைச்சொல் வேண்டும்: ஜியன்ட்4 கையேட்டில் ‘ஆப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்’

தருமபுரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். துகள்கள் பொருள்களின் ஊடே செல்வதைக் கணினியில் போலச் செய்து காட்டும் ஜியன்ட்4 நிரல்தொகுப்புக்கான இளநிலை இயற்பியல் செய்முறைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. நிரலில் பொருள்களை உருவாக்கும் வார்ப்பான கிளாஸுக்கு ‘இனக்குழு’, ஒன்றின் பண்புகளை இன்னொன்று பெறும் இன்ஹெரிட்டன்ஸுக்கு ‘மரபுரிமம்’ எனப் பாடநூலையே பின்பற்றுகிறோம். சில செயற்கூறுகளை (ஃபங்ஷன்) பெயரளவில் அறிவித்து உள்ளே எழுதாமல் விடும் ஆப்ஸ்ட்ராக்ட் கிளாஸில்தான் சிக்கல். ‘அருவ இனக்குழு’ என்றால் உருவமில்லாதது என்ற அளவில் மாணவர் நின்றுவிடுகிறார். விட்டதை நாம் நிரப்ப வேண்டும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. ஜி4வி என்று தொடங்கும் பெயர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஓசூரிலிருந்து:

வி எழுத்தை மட்டும் நம்ப வேண்டாங்க. திண்ம வடிவங்களுக்கான இனக்குழுக்களைப் பாருங்கள்: ஜி4விசாலிட், அதன் கீழ் ஜி4சிஎஸ்ஜிசாலிட், அதன் கீழ் ஜி4பாக்ஸ். நடுவில் இருப்பதன் பெயரில் வி இல்லை. ஆனாலும் ஒரு புள்ளி உள்ளே இருக்கிறதா, எல்லை எவ்வளவு தூரம் என்று சொல்லும் செயற்கூறுகளை அது நிரப்பவில்லை. அதை வைத்து நேரடியாகப் பொருள் உருவாக்க முடியாது. ஜி4பாக்ஸ்தான் நிரப்புகிறது. (அதற்குப் பாதி நீளம் கொடுக்க வேண்டும், 10 செ.மீ. பெட்டிக்கு 5 என்று. கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.)

இன்னொன்று. உணர்கருவியின் அமைப்பை விவரிக்கும் ஜி4வியூசர்டிடெக்டர்கன்ஸ்ட்ரக்‌ஷனில் ‘கன்ஸ்ட்ரக்ட்’ எழுதாவிட்டால் நிரல்பெயர்ப்பியே (கம்பைலர்) பிழை காட்டிவிடும். துகளின் ஒவ்வோர் அடியிலும் அழைக்கப்படும் ஜி4யூசர்ஸ்டெப்பிங்ஆக்‌ஷன் அப்படியல்ல, அதன் செயற்கூற்றுக்கு வெற்று உடல் ஏற்கெனவே உண்டு. அளபுருவில் (பாராமீட்டர்) ‘கான்ஸ்ட்’ விட்டுப்போனால் உங்களுடையது வேறொரு செயற்கூறாகிவிடும். நிரல் ஓடும், உங்கள் வரி மட்டும் ஒருபோதும் அழைக்கப்படாது, ஆற்றல் வரைபடம் காலியாக வரும். ‘ஓவர்ரைடு’ எழுதினால் அங்கேயே பிடிபடும். ஆகவே கட்டாயம் நிரப்புவதற்கு ஒரு சொல், விரும்பினால் மாற்றுவதற்கு ஒரு சொல், இரண்டும் தேவை.

ஊத்தங்கரையிலிருந்து:

இலக்கணத்திலேயே இருக்கிறதே ஐயா: எச்சம், முற்று. மிஞ்சு மிச்சமானது போல, அஞ்சு அச்சமானது போல, எஞ்சு எச்சமானது. நிரப்பாமல் விட்டது எச்சச் செயற்கூறு, அதைக் கொண்டது எச்ச இனம், நிரப்பியது முற்றினம். ‘வந்து நின்று பார்த்துப் போனான்’ என்பதில் எச்சங்கள் அடுக்கி வந்து முற்றில் முடிகின்றன. ஓசூர் ஐயா காட்டிய மூன்றடுக்கும் இதுவேதான்.

பாலக்கோட்டிலிருந்து:

பொருத்தம் அழகு, ஆனால் வகுப்பில் எச்சம் என்றால் முதலில் காக்கைதான் நினைவுக்கு வரும். அது போகட்டும். குறள் 114இல் எச்சம் என்பதற்கு மக்கள் என்றுதானே பரிமேலழகர் உரை? அப்படியானால் எச்ச இனம் என்பது மரபுரிமத்தால் பிறந்த இனத்தையே குறிக்கும், தலைகீழாகிவிடும். ‘பொதுவினம், சிறப்பினம்’ என்போம். கிருஷ்ணகிரித் தோப்பில் பெங்களூரா உண்டு, நீலம் உண்டு. வெறும் ‘மா’ என்றொரு ரகக் கன்று கிடையாது.

ஊத்தங்கரையிலிருந்து:

பொதுமை வேறு, குறை வேறு அம்மா. ஜி4யூசர்ஸ்டெப்பிங்ஆக்‌ஷனும் பொதுதான், ஆனால் அதிலிருந்து அப்படியே பொருள் உருவாக்கலாம். உங்கள் சொல் அந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. உரைப்பொருளைப் பார்த்து இலக்கணப் பொருளைக் கைவிடுவதா?

ஓசூரிலிருந்து:

பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். எந்தச் சொல்லானாலும் முதல் இடத்தில் ‘ஆப்ஸ்ட்ராக்ட்’ என்று தமிழ் எழுத்தில் பக்கத்தில் இருக்கட்டும். தூய்மைக்காக மாணவரைத் திரையின் முன் திணறவிட வேண்டாம்.

தருமபுரியிலிருந்து:

நாள் இல்லை. பாடநூலோடு மோதாமல் ‘அருவ இனக்குழு’ நிற்கட்டும் என்பதே பெரும்பாலோர் எண்ணம். கட்டாயம் நிரப்ப வேண்டிய பியூர் விர்ச்சுவல் செயற்கூற்றுக்கு மட்டும் ‘எச்சச் செயற்கூறு’, கீழே ஒருவரி விளக்கத்துடன். விரும்பினால் மாற்றுவதற்கு இன்னும் சொல் இல்லை.

ஊத்தங்கரையிலிருந்து:

உடன்பாடில்லை. செயற்கூறு எச்சம் என்றால் அதைக் கொண்ட இனமும் எச்சமே. அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.